சமையலறை டைம் ஷீட்

கிரீன் கார்டு வந்த மாதமே நான் வேலைக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தேன். அதற்கு முந்தைய நான்கு வருடங்கள் நியூயார்க்குக்கு ரயிலில் போய்வரும் தூரத்திலிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில், எல்லாக் கட்டடமும் ஒன்றுபோலவே இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிந்தன. கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவள் என்பதால் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. மதுரையில் பி.காம் முடித்து, விருதுநகரில் கூட்டுறவுத் தணிக்கை அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான். அந்த நான்கு வருடமும் வீட்டு மளிகை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருக்க மறுத்தது.

கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லித்தான் எல்லாரும் வற்புறுத்தினார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் மூன்று வரி விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். முதியோருக்கு மதிய உணவு போடும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு, அரசு மானியக் கணக்கைக் கவனிக்க ஆள் தேவை என்றிருந்தது. சம்பளத்தைப் படித்துவிட்டு என் கணவர், "இது பெட்ரோலுக்கும் டேகேருக்குமே சரியாப் போயிரும்" என்றார். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், டேகேர் தேவையில்லை என்று நினைவூட்டினேன். "அப்ப பெட்ரோலுக்கு" என்றார். போகாதே என்று சொல்லவில்லை.

நேர்காணல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்தது. நிறுவனத்தின் இயக்குநர் ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. பல வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவர் பேசினால் அடுத்த அறையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தார்; விருதுநகர் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்விதான்.

"உனக்கு ரூல்ஸ் படிக்கப் பிடிக்குமா?"

"பிடிக்கும்" என்றேன். அது உண்மை. அவர் நம்பாமல் என்னையே பார்த்தார். பிறகு ஒரு கனமான ஃபைலை மேஜையில் நகர்த்தி, "இங்க இதுவரைக்கும் இருந்தவங்க யாருமே இதை முழுசாப் படிச்சதில்லை. நான் உட்பட. திங்கக்கிழமை வந்துரு" என்றார்.

அந்த நிறுவனம் இரண்டு வேலைகள் செய்தது. அடித்தளத்தில் வார நாட்களில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு. அதற்கு மத்திய அரசின் மானியம், மாநிலத்தின் வழியாகக் கவுண்டி எனும் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வரும். மேல்மாடியில் குழந்தைகளுக்கான டேகேர். அது பெற்றோர் கட்டும் கட்டணத்தில் ஓடியது; அரசுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சமையலறை, ஒரே சமையல்காரர். அவர் தெற்குக் கரோலினாவிலிருந்து இளம் வயதில் வந்து தங்கிவிட்ட கறுப்பினப் பெண்மணி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, சின்னச் சின்ன அடி வைத்து வேகமாக நடப்பார். அவருடைய சமையலறைக்குள் கை கழுவாமல் இயக்குநர் உட்பட யாரும் நுழைய முடியாது.

என் வேலை எளிதில் விளங்கக்கூடியதுதான். முதியோர் சாப்பாட்டுக்கென்று அரசு கொடுத்த பணம் முதியோர் சாப்பாட்டுக்கே செலவாகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான ரசீதையும் கையெழுத்தையும் தேதியையும் சேர்த்து வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை கவுண்டிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த ஃபைலை மூன்று வாரத்தில் அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்தேன். 'ரீசனபிள்' என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. எது ரீசனபிள் என்று ஓரிடத்திலும் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் பற்றிய பகுதியில் குழப்பத்துக்கே இடமில்லை. மானியத்திலிருந்து சம்பளம் வாங்குகிறவர் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவழித்தார் என்பதை, வேலை முடிந்த பிறகு, நடந்தது நடந்தபடி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

எங்களிடம் ஒரே கார்தான் இருந்தது. காலையில் கணவரைப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் நியூயார்க் ரயிலுக்கு இறக்கிவிட்டு, நான் நேராக வேலைக்குப் போவேன். மகளைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவார். மற்றவர்கள் ஒன்பது மணிக்கு வருவார்கள். நான் ஏழரைக்கே போய்விடுவேன். அடித்தளத்தில் அந்த நேரத்தில் சமையல்காரர் மட்டும் இருப்பார். எனக்கு ஒரு காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அந்த வேலை என்ன என்பது என் மூளையில் ஏற மூன்று மாதம் ஆயிற்று. பெரிய பாத்திரத்தில் ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருப்பார். ஆப்பிளைப் பொடியாக நறுக்குவார். சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி மேல்மாடிக்கு அனுப்புவார். முதியோருக்கான சமையலைத் தொடங்க ஒன்பதரை ஆகிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மறுபடி குழந்தைகளுக்குச் சிற்றுண்டி. ஆனால் நான் மாதாமாதம் ஃபைலில் கோர்த்துக்கொண்டிருந்த அவருடைய டைம் ஷீட்டில் தினமும் எட்டு மணி நேரம், எட்டும் முதியோர் சாப்பாட்டுக்கு என்றிருந்தது. எல்லா நாளும் ஒரே பேனா. பழைய ஃபைல்களை எடுத்துப் பார்த்தேன். மாதத்தின் முதல் தேதியிலேயே முழு மாதத்துக்கும் எழுதி, கீழே கையெழுத்தும் போடப்பட்டிருந்தது.

அன்று மாலை ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது காரில் கணவரிடம் சொன்னேன்.

"யாராவது காசை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு பைசா எடுக்கல. பாதி நாளு பிள்ளைகளுக்குச் சமைக்கிறாங்க. சம்பளம் முழுசும் பெரியவங்க கிராண்ட்ல இருந்து போகுது."

"அது தப்பா?"

"தப்புத்தான். டேகேர் நடத்த கவர்மெண்ட் காசு குடுக்கல."

"வேலைக்குச் சேந்து மூணு மாசம்தான் ஆகுது. இதுக்கு முன்னாடி இருந்தவங்கல்லாம் பாத்துட்டுச் சும்மாத்தான இருந்தாங்க?"

"அவங்க ஒம்பது மணிக்கு வந்தாங்க. நான் ஏழரைக்கு வாறேன்ல, கண்ணால பாத்துட்டேன். மாசாமாசம் அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கு."

பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "அம்மா, ஆர் யூ இன் ட்ரபிள்?" நாங்கள் தமிழில் பேசினால் அவளுக்கு எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இல்லை என்று சொன்னேன். கணவர், "சொல்லாம இருந்தா நீ சாப்பிடமாட்ட, எங்களுக்கும் ஒழுங்காச் சமைக்கமாட்ட. சொல்லிரு" என்றார்.

இயக்குநரிடம் போவதற்கு முன் எனக்கு எண்கள் சரியாகத் தெரிய வேண்டும். அடுத்த நாள் காலை சமையல்காரரிடம், உங்கள் நேரத்தைத் தினமும் குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நான் கேட்ட விதம் சரியில்லை போலும். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் நேரத்தைத் திருடுறேன்னு சொல்றியா?" ஆங்கிலத்தில்தான் கேட்டார். அந்தக் குரலின் சூடு எந்த மொழியிலும் விளங்கியிருக்கும்.

"இல்லை. நீங்கள் செய்கிற வேலையில் பாதி காகிதத்தில் இல்லை என்கிறேன்."

"எந்தப் பாதி?"

"குழந்தைகளுக்குச் செய்வது. காகிதத்தைப் பார்த்தால் மேலே இருக்கும் குழந்தைகளுக்கு யாரோ வானத்திலிருந்து கஞ்சி போடுகிறார்கள் என்று தோன்றும்."

அவர் ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளி, "கையைக் கழுவிட்டு வந்து உட்காரு" என்றார்.

இரண்டு வாரம் ஏழு மணிக்கே போய் அந்த முக்காலியில் நோட்டுடன் உட்கார்ந்தேன். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை குழந்தைகள். அதன்பின் முதியோர். இரண்டிலிருந்து மூன்று வரை மறுபடி குழந்தைகள். நடுவில் அரிசி வெந்துகொண்டிருக்கும்போதே குழந்தைகளின் பழத்தை நறுக்குவார். அதை எதில் சேர்ப்பது என்று இருவரும் வாதம் செய்வோம். மூன்றாவது நாளிலிருந்து அவரே, "எழுதிக்கோ, பத்து நிமிஷம், பொடிசுங்களுக்கு" என்று அடுப்பருகிலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தார். சாதத்தை வடிப்பதில் எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. நான் கொண்டுபோன ரசப்பொடியை மட்டும் ஒருநாள் வாங்கி முகர்ந்து பார்த்து, தக்காளி சூப்பில் துளி போட்டார். அன்று சூப் மிஞ்சவில்லை. ஒரு நாளில் மூன்றரை மணி நேரம் டேகேருக்கு என்று முடிவாயிற்று.

இயக்குநரிடம் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பலத்த மழை. அவர் அறையின் சின்ன ஜன்னல் வழியாக வெளியே போகிறவர்களின் காலணிகள் மட்டும் தெரியும். நோட்டையும் பழைய டைம் ஷீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார். முகம் சிவந்தது.

"இங்க ஒருத்தரும் ஒரு டாலரைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல. எல்லாம் யாரோ ஒருத்தரோட வயித்துக்குத்தான் போயிருக்கு."

"ஆமாம். ஆனால் எந்த வயிற்றுக்கென்று கொடுத்தார்களோ அந்த வயிற்றுக்கு இல்லை."

"இதைத் திருப்பிக் கட்டச் சொன்னா நான் எதை மூடுறது? மேல் மாடியையா? கீழ் மாடியையா?"

அந்த வருடத்துக்கும் முந்தைய வருடத்துக்கும் கணக்குப் போட்டால் வரும் தொகையில் ஒரு புதுக் கார் வாங்கலாம். அவர் கதவைக் காட்டினார். வெளியே வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேஜை இழுப்பறையிலிருந்த என் பொருட்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஸ்வெட்டர். ஒரே பையில் அடங்கிவிடும்.

இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார். சமையல்காரர் கஞ்சியைக் கிண்டுவதையும், ஆப்பிள் நறுக்குவதையும், கிண்ணங்கள் மேலே போவதையும் முதல் தடவையாக முழுதாகப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "கவுண்டிக்காரங்க ஆய்வுக்கு வர இன்னும் ஆறு வாரம் இருக்கு. அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நாமே எழுதிடுவோம். கடிதத்தை நீ எழுது. கையெழுத்தை நான் போடுறேன்" என்றார். போகிறபோது திரும்பி, "பணத்துக்கு வழியையும் நீயே தேடு. ரூல்ஸ் படிக்கிறது பிடிக்கும்னு சொன்னல்ல?" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுபடி ஃபைலை எடுத்தேன். எந்த மானியத்துக்கும் நிறுவனம் தன் பங்காகக் கொஞ்சம் போட வேண்டும். எங்கள் பங்கைத் தேவாலயத்தின் விற்பனைச் சந்தை, நன்கொடை என்று திரட்டி ரொக்கமாகவே போட்டுவந்தோம். அந்தப் பங்கை ரொக்கமாகத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சம்பளம் வாங்காமல் ஒருவர் செய்யும் வேலையையும் மணிக்கணக்கில் மதிப்பிட்டுக் காட்டலாம் என்று எழுதியிருந்தது. வேலை நடந்த அன்றே பதிவாகிக் கையெழுத்தும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய நாட்களுக்கு முன்தேதியிட்டு எழுத முடியாது. ஆனால் மானிய ஆண்டு முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

சம்பளம் வாங்காமல் எங்களிடம் யார் வேலை செய்தார்கள்? தலையை நிமிர்த்திக் கூடத்தைப் பார்த்தேன். எல்லாரும் செய்துகொண்டிருந்தார்கள். சாப்பிட வரும் பாட்டிமார்கள் காலையிலேயே வந்து பீன்ஸ் நறுக்குவார்கள், நாப்கின் மடிப்பார்கள். தாத்தாமார்கள் மேஜை போடுவார்கள். வெளியே வர முடியாதவர்களுக்குச் சாப்பாட்டைத் தங்கள் காரில் கொண்டுபோய்க் கொடுக்க நான்கு பேர் இருந்தார்கள். வருடக்கணக்காக நடந்துவந்தது. ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அந்த உழைப்பை எங்கள் பங்காகக் காட்டினால் கையிலுள்ள ரொக்கம் விடுபடும். அதை வைத்துத் திருப்பிக் கட்டலாம்.

ஆனால் அதற்குத் தினமும் ஒரு பதிவேட்டை நடத்த ஆள் வேண்டும். எனக்கு நேரமில்லை. வேறு யாருக்கும் பொறுமையில்லை.

எங்கள் குடியிருப்பில் ஈரோட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் குரங்குக் குல்லாவும் மகனின் பழைய கோட்டுமாகக் கட்டடங்களைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அவருடைய மனைவி, மகளின் பிரசவத்துக்காக ஊரிலேயே தங்கியிருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்திப் பேசுவார்.

"ஏனுங்க அம்மிணி, வேலைக்குப் போறீங்களாமா? நம்மளையும் எங்கியாச்சும் கூட்டீட்டுப் போங்க. டிவில அதே ஆளுங்களத் தினமும் பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப் போச்சுங்க."

"சம்பளம் கிடையாது அங்கிள். மத்தியானம் சாப்பாடு உண்டு. நீங்க வெஜிடேரியன், அதுதான் யோசிக்கிறேன்."

"ரொட்டியும் பீன்ஸும் இருக்குமல்லங்க? போதுங்க."

மறுநாள் காலை ஆறரைக்கே எங்கள் காருக்கு அருகில் நின்றார். சட்டைப் பையில் இரண்டு பேனா.

பதிவேட்டில் நான் நான்கு பத்திகள் போட்டிருந்தேன்: பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அவர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஸ்கேலை வாங்கி இன்னும் இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று, செய்த வேலை. மற்றொன்று, கழிவு.

"கழிவுன்னா என்ன அங்கிள்?"

"காப்பி குடிக்கிற நேரமுங்க. அந்தப் பதினஞ்சு நிமிசம் வேலையில்லீங்களே. கவர்மெண்ட்டுக்கு அதையெப்படிக் கணக்குக் காட்டுவீங்க?"

முதல் வாரம் கலவரம். பீன்ஸ் நறுக்கும் பெண்களில் மூத்தவர், போலந்துக்காரர், எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். காகிதத்தில் கையெழுத்திட்டால் என்ன நடக்கும் என்று சின்ன வயதில் போர்க்காலத்திலேயே பார்த்தவராம். அங்கிள் அவரை வற்புறுத்தவில்லை. தினமும் பத்து மணிக்கு அவர் முன் போய், லேசாகக் குனிந்து, பதிவேட்டை நீட்டி, "கைண்ட்லி சைன், மேடம்" என்பார். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டுவார். இவர் "தேங்க் யூ, மேடம்" என்று நகர்ந்துவிடுவார். எட்டாவது நாள் அந்தப் பெண்மணி அவரை நிறுத்தி, அந்தப் புத்தகத்தில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "நத்திங், மேடம். ப்ளாங்க்" என்றார் இவர். தான் நறுக்கிய பீன்ஸ் எல்லாம் வெறும் ப்ளாங்க் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். அடுத்த மாதத்திலிருந்து பக்கத்தில் இருப்பவர்கள் கையெழுத்திட்டார்களா என்று அவரே பார்த்துக்கொண்டார்.

கவுண்டியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் மெலிந்த, அமைதியான பெண்மணி. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். எங்கள் கடிதம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. காலை முழுதும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கேள்விகளை மென்குரலில் கேட்டார்.

"இரண்டு வாரக் குறிப்புதான் இருக்கிறது. வருடம் முழுக்க இப்படித்தான் நடந்தது என்று நான் எப்படி நம்புவது?"

டேகேரின் வருகைப் பதிவையும், சுவரில் ஒட்டிவைத்திருந்த மாதாந்திர உணவுப் பட்டியல்களையும் எடுத்துக் காட்டினேன். அவர் எழுந்து சமையலறைக்குப் போய், கை கழுவிவிட்டு, அதே கேள்வியைச் சமையல்காரரிடமும் கேட்டார். "குழந்தைங்க வருஷம் முழுக்கக் காலையில பசியோடதான் வர்றாங்க, மேடம்" என்று பதில் வந்தது.

மத்தியானம் இயக்குநர் அவரைச் சாப்பிட அழைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு அவர் வரிசையில் நின்றபோது எனக்கு ஃபைல் நினைவுக்கு வந்தது. விதிப்படி அறுபது வயதைக் கடந்தவர்களிடம் காசு கேட்கக் கூடாது. விருப்பமிருந்தால் பெட்டியில் போடுவார்கள். ஆனால் அதற்குக் குறைந்த வயதுள்ள விருந்தினர் முழு விலை கொடுத்தாக வேண்டும். அவருக்கு நாற்பது இருக்கும். அருகில் போய், "மன்னிக்கணும், விருந்தினர் கட்டணம் உண்டு" என்றேன். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண்மணி தட்டை வைத்துவிட்டுப் பர்ஸைத் திறந்து எண்ணிக் கொடுத்தார்.

"நான் போகிற இடங்களில் இதை யாரும் கேட்டதே இல்லை" என்றார். "ரசீது தருவாயா?"

அதற்கென்றே ரசீதுப் புத்தகம் வைத்திருந்தேன். எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தபோது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

சாப்பிட்ட பிறகு பதிவேட்டைக் கேட்டார். அங்கிள் இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். ஆய்வுக்கு வந்தவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இந்தக் கழிவு எதற்கு என்று கேட்டார். "காஃபி, மேடம்" என்றார் அங்கிள். இன்னொரு வரியைக் காட்டினார். அதில் ஒருவருக்கு நாற்பது நிமிடம் கழிக்கப்பட்டிருந்தது. "ஹீ வாஸ் ஸ்லீப்பிங், மேடம்" என்றார் அங்கிள். நாப்கின் மடிக்கும் மேஜையிலிருந்து, "நான் தூங்கல, கண்ணை மூடியிருந்தேன்" என்று ஒரு தாத்தா சத்தம் போட்டார். அந்த அமைதியான பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் சிரித்தோம்.

நான்கு வாரத்தில் கடிதம் வந்தது. நாங்கள் சொன்ன தொகையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மானிய ஆண்டு முடிவதற்குள் கட்டினால் போதும் என்றும், முதியோரின் உழைப்பை எங்கள் பங்காகக் காட்டலாம் என்றும் எழுதியிருந்தது. இயக்குநர் அதைக் கூடத்தில் சத்தமாகப் படித்தார். படித்து முடித்து, என் தோளில் கையை வைத்து, "உன்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். வேற ஆள் கிடைக்கல" என்றார். அவர் நன்றி சொல்லும் விதம் அதுதான் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

சமையல்காரரின் சம்பளம் இரண்டாகப் பிரிந்தது. டேகேர் தன் பங்கைக் கொடுக்க வேண்டியிருந்ததால் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினோம். பெற்றோர் கூட்டத்தில் இயக்குநர் எதையும் மறைக்கவில்லை. இத்தனை நாள் உங்கள் பிள்ளைகளின் கஞ்சியில் முதியவர்களின் காசு இருந்தது, இனி இருக்காது என்றார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒருவர்கூடக் குழந்தையை நிறுத்தவில்லை. டைம் ஷீட்டைச் சமையல்காரர் தானே எழுத ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜ் கதவில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவர் எழுத்தில் 'குழந்தைகள்' என்ற பத்தி எப்போதும் 'பொடிசுங்க' என்றுதான் இருக்கும். நான் திருத்தவில்லை.

அடுத்த வசந்தத்தில் அங்கிளின் மனைவி ஈரோட்டிலிருந்து வந்து சேர்ந்தார். ஒரு வாரம் வீட்டில் இருந்து பார்த்துவிட்டு, அவரும் எங்கள் காரில் ஏறிக்கொண்டார். நூல் சேலைக்கு மேல் மருமகளின் ஜாக்கெட். அவர் வெங்காயம் உரிக்கிற வேகத்தைப் பார்த்துச் சமையல்காரர் அடுப்பை விட்டு வந்து நின்றார். பதினொரு மணிக்கு அங்கிள் பதிவேட்டோடு வந்தார். மனைவியின் பெயருக்கு நேரே ஐந்து நிமிடம் கழிவு எழுதினார்.

"எதுக்குங்க அஞ்சு நிமிசம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஊருக்கு போன் போடோணும்னு அம்மிணிகிட்டப் பேசீட்டிருந்தயல்ல? அதுக்கு."

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "நாப்பது வருசமா ஊட்டுல ஆக்கிப் போட்டனே, அதைய எந்தப் புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கறீங்க?"

அங்கிள் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று சமையல்காரர் என்னைக் குடைந்தெடுத்தார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து, கடைசியில் அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அதன்பிறகு எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் வேலை செய்தார்கள்.

நான் அங்கே ஐந்து வருடம் இருந்தேன். கணவருக்கு டெக்சாஸில் வேலை மாறி நாங்கள் அங்குள்ள ஆலன் என்ற ஊருக்குக் குடிபோகும்வரை வேறு வேலை தேடவே தோன்றவில்லை. சம்பளம் கடைசிவரை பெரிதாக உயரவில்லை. ஒவ்வொரு வருடமும் கவுண்டியிலிருந்து அதே பெண்மணி பெட்டியை இழுத்துக்கொண்டு வருவார்; வந்ததும் விருந்தினர் கட்டணத்தை எண்ணி என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். மூன்றாவது வருடம், மற்ற முதியோர் மையங்களுக்கும் காட்ட வேண்டும் என்று எங்கள் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்துப் போனார். அங்கிளிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கோடு நேரா வந்திருக்கற பக்கமாப் பாத்துக் குடுத்தீங்களா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார்.